நீலக் கேக்கின் உண்மைச் சரித்திரம்

தாண்டவன்வெளி,
மட்டக்களப்பு.
செவ்வாய்க்கிழமை.

பாசமுள்ள தங்கச்சி பிலோமினாவுக்கு,

அண்ணன் செபஸ்தியாம்பிள்ளை எழுதிக்கொள்வது. அந்தோனியார் புண்ணியத்தில் நானும், உன் மச்சாள் பீற்றிஸும், உன் மகள் டினோஷாவும், நீ விட்டுப்போன வெள்ளைச் சேவலும் இங்கே சுகம். சைப்பிரஸில் நீயும் நீ பராமரிக்கும் வீட்டுக்கார அம்மாவும் அப்படியே சுகமாயிருக்க மன்றாடுகிறேன்.

போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் இரண்டு வசனம் கதைப்பதற்குள் பீற்றிஸ் போனைப் பறித்துத் தன் கதையைத் தொடங்கிவிடுவாள். எழுத்தில் அவளால் குறுக்கே வரமுடியாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை இழந்தாலும் என் கையெழுத்தை இன்றைக்கும் ஊர் விதானையார் புகழ்கிறார், அது உனக்குத் தெரியும். ஞாயிறு பின்னேரம் நீ வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேக் வெட்டுப்பட்டது, எல்லோரும் கத்தினார்கள், லைன் அறுந்தது. அதன்பிறகு உனக்கு ஆளுக்கொரு கதை வந்திருக்கும். ஒன்றையும் நம்பாதே. நடந்தது இது.

போன வருடம் நாலாம் மாதத்திலேயே வயிற்றுப் பிள்ளை தங்காமல் போனதிலிருந்து உன் மகள் சிரித்ததை நான் காணவில்லை. இந்த முறை ஐந்து மாதம் கடந்தும் வயிற்றில் துடிப்புத் தெரியவில்லை என்று அவளுக்கு ஒரே பயம். "ஸ்கேனில பிள்ளை நல்லாத் துள்ளுது, நச்சுக்கொடி முன்பக்கம் கிடக்கு, அதனாலதான் உங்களுக்குத் தெரியப் பிந்துது" என்று டாக்டர் சொன்னார். கேட்கிறாளா? வயிற்றில் கை வைத்தபடி வாவிப் பக்கம் பார்த்துக்கொண்டே இருப்பாள். அப்படி இருந்தவள் ஒருநாள் போனைக் கொண்டுவந்து காட்டினாள். ஒரு வெள்ளைக்காரச் சோடி கேக் வெட்டுகிறது, வெளியில் வெள்ளை, உள்ளே கலர், கலரைப் பார்த்து ஆணா பெண்ணா என்று அறிந்து துள்ளுகிறார்கள். "மாமா, எனக்கும் இப்பிடி ஒண்டு வேணும்" என்றாள். இத்தனை மாதத்தில் அவள் தனக்கென்று வாய்திறந்து கேட்டது அது ஒன்றுதான். கிளினிக் தாதி மிஸ்ஸி ஆணா பெண்ணா என்று துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டிக்கொடுத்த என்வலப்பைக் கேக் கடையில் கொடுக்கப் போனாள். நான் கையை நீட்டி மறித்தேன். "பாசிக்குடா ஹோட்டலில பத்து வருசம் இருந்தவன் வீட்டுக்குள்ள இருக்க, கடைக் கேக்கா?" என்றேன்.

"மாமா, என்ன கலர் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

"ஆரிட்டக்கா கேக்கிறாய்?" என்றேன். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மத்தியானம் தனியே இருந்து என்வலப்பைத் திறந்தேன். 'பெண்' என்று எழுதியிருந்தது. உலகத்திலேயே அந்த இரகசியம் தெரிந்த ஒரே ஆள் நான் என்று நினைக்க நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. சரி, பெண்ணுக்கு என்ன கலர்? கோயிலுக்குப் போய் மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று நிமிர்ந்து பார்த்தேன். பதில் அங்கேயே நின்றது. பெண்களுக்கெல்லாம் பெண் உடுத்திருப்பது நீலம். பக்கத்தில் இருதய ஆண்டவர், அவருக்குச் சிவப்பு. ஆண் என்றால் சிவப்பு, பெண் என்றால் நீலம். வெள்ளைக்காரனும் வேதக்காரன்தானே, இதைப் பார்த்துத்தான் பழகியிருப்பான் என்று முடிவெடுத்தேன்.

சனிக்கிழமை கிடாரத்தில் மணலைக் கொட்டி, நடுவில் கேக் தட்டை இறக்கி, மூடிக்கு மேலும் கிடாரத்துக்குக் கீழும் சிரட்டைத் தணல் போட்டேன். மாவைக் குழைக்க முட்டையைத் தேடினால், வாவியிலிருந்து ஏறிவந்த, உடும்புக்குப் பெரியப்பன் மாதிரி ஆறடிக் கபறக்கொய்யன் ஒன்று குசினிக்குள் நின்று முட்டைகளை விழுங்கிக்கொண்டிருக்கிறது! அகப்பைக்காம்பால் அதோடு அரைமணி நேரம் போராடி மிச்சம் ஐந்து முட்டையை மீட்டேன். முதல் கேக் கொஞ்சம் உறுதியாக வந்தது. அதை வெறும் பரீட்சைக்காகத்தான் செய்தேன், வாவியில் போட்டேன், மீன்கள் சண்டை பிடித்துத் தின்றன. இரண்டாவது கேக்குத்தான் கேக்கு. பஞ்சு. கலர் கலக்கும்போது பீற்றிஸைக்கூட உள்ளே விடவில்லை, குசினிக் கதவைச் சாத்திவிட்டேன். மேலே வெள்ளை ஐசிங்கைப் பூசியதும் கல்யாண மண்டபம் மாதிரி நின்றது.

ஞாயிறு நாலு மணிக்குப் புளியந்தீவிலிருந்து உன் மருமகன் ஜொய்சனும் அவர் தாயாரும் வந்தார்கள். சம்பந்தியம்மா கையில் ஒரு பார்சல். வந்ததும் அதைக் கதிரைக்குக் கீழே தள்ளிவிட்டார், பலகாரமாக்கும் என்று நானும் கேட்கவில்லை. டினோஷாவும் ஜொய்சனும் சேர்ந்து கத்தியைப் பிடித்து வெட்டினார்கள். உள்ளே நீலம்! மட்டக்களப்பு வாவி கூட அப்படி நீலமாயிருந்ததில்லை.

"பொடியன்! பொடியன்!" என்று ஜொய்சன் துள்ளி விழுந்து பலூன் இரண்டை உடைத்தார்.

"எனக்கு அப்பவே தெரியுங்கா, வயிறு கூர்ந்து கிடந்ததே" என்று சம்பந்தியம்மா கையைத் தட்டினார்.

டினோஷா மட்டும் சந்தோசம் தாங்காமல் வெளிறிப்போய்க் கதிரையில் இருந்துவிட்டாள். நான் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தேன். பொடியனா? என்ன பொடியன்?

"மாமா," என்றாள் சின்னக் குரலில், "அந்தத் துண்ட ஒழுங்காப் பாத்தீங்களா? அதில பிழை ஒண்டும் இல்லையே?"

உன் அண்ணன் வாழ்க்கையில் பிழை விட்டதில்லை என்பது ஊருக்கே தெரியும், ஆனாலும் அந்தப் பிள்ளையின் கண்ணைப் பார்த்துக்கொண்டு கௌரவம் பார்க்க முடியாது. சட்டைப் பையிலிருந்த துண்டை எடுத்து அவள் கையில் வைத்தேன். "பொம்பிளப்புள்ள எண்டுதான் எழுதிக் கிடக்கு மகள், அதுக்குத்தானே நீலம் போட்டன்?" என்றேன்.

"பொம்பிளப்புள்ளைக்கு ஆரும் நீலம் போடுவாங்களா மாமா?"

"ஏன், மாதா என்ன ரோசாக் கலரா உடுத்திருக்கிறா?"

டினோஷா துண்டைப் பார்த்தாள், கேக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள் பார், பிலோமினா! விக்கி விக்கி, கண்ணால் தண்ணி ஓட, கதிரை ஆட ஆடச் சிரித்தாள். ஒரு வருடத்துச் சிரிப்பு மொத்தமும் அன்றைக்கு வெளியில் வந்தது. சிரித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். எனக்கு உயிர் போய்விட்டது.

"என்ன புள்ள, என்ன?" என்று பீற்றிஸ் ஓடினாள்.

"மாமி... உதைக்கிறாள்" என்றாள் டினோஷா. "இஞ்ச, இஞ்ச கைய வைங்க. திரும்பவும் உதைக்கிறாள்."

எல்லோரும் அழுதார்கள். நான் அழவில்லை. சிரட்டைப் புகை கொஞ்சம் கண்ணில் பட்டது, அவ்வளவுதான். இப்போது அவள் நேரத்துக்குச் சாப்பிடுகிறாள், நித்திரை கொள்கிறாள், "இந்தா, மாமாட கேக்க நினைச்சு உதைக்கிறாள்" என்று என்னைப் பகிடி பண்ணுகிறாள். பகிடி பண்ணட்டும். நீயும் இனிப் பயப்படாமல் தூங்கு. நான் தெரிந்துதான் நீலம் போட்டேன் என்று இப்போது யோசிக்க விளங்குகிறது.

பக்கத்து வீட்டு விதுர்ஷா வெள்ளிக்கிழமை அங்கே பயணம். கடிதத்தோடு ஒரு துண்டுக் கேக்கும் அனுப்புகிறேன், அந்த அம்மாவுக்கும் கொடு. மாதாவின் நீலப் போர்வை உன்னை மூடிக் காக்கட்டும்.

உன் மூத்த அண்ணன்,
செபஸ்தியாம்பிள்ளை

பி.கு.: தங்கச்சி, நான் பீற்றிஸ். கடிதத்தை ஒட்டச் சொல்லி என்னிடம் தந்தார். பாசிக்குடா ஹோட்டலில் இவர் பத்து வருடம் இருந்தது கேற்றடியில், வாகனத்துக்குக் கேற் திறக்க. வந்தது கபறக்கொய்யன் இல்லை, காகம், எடுத்தது ஒரு முட்டை, மிச்சத்தில் பாதியை இவரே தட்டி விழுத்தினார். முதல் கேக்கை வாவியில் போடத்தான் போட்டார், அது கல்லுப் போல அடிக்குத் தாண்டுவிட்டது. இரண்டாவது கேக் நான் அடித்தது, கலர் மட்டும் இவர். அந்த என்வலப்பை இவர் திறக்க முதல்நாளே தேத்தண்ணிக் கேத்தில் ஆவியில் பிடித்துத் திறந்து நான் பார்த்துவிட்டேன், பிள்ளை படும் பாட்டைப் பொறுக்காமல் டினோஷாவிடம் சொல்லியும் விட்டேன். அவள் ஜொய்சனிடம் சொன்னாள், அவன் தாயிடம் சொன்னான். பார்சலில் இருந்தது ரோசாக் கலர்ச் சட்டை. பெண் என்று தெரிந்துதான் எல்லோரும் வந்தார்கள், நீலத்தைக் கண்டதும் தமக்கு முன்னமே தெரிந்ததை ஆளுக்காள் மறைத்துக்கொண்டு பொடியன் பொடியன் என்று கத்தினார்கள். டினோஷா வெளிறினது சந்தோசத்தில் இல்லை, துண்டு பிழையென்றால் ஸ்கேனும் பிழையோ என்ற பயத்தில். இவர் கண்ணில் பட்ட புகை பற்றி எழுதியிருக்கிறார், அடுப்பு முதல்நாளே நூர்ந்து சாம்பலாகிவிட்டது. உதைத்தது மட்டும் உண்மை, நான் கை வைத்துப் பார்த்தேன். ஞானஸ்நானக் கேக்கும் தானே அடிப்பாராம். நீ லீவு எடுத்துக்கொண்டு முன்கூட்டியே வந்துவிடு.