லோர்னாவின் கணவர் திரும்பி வரவில்லை

சேசு மரி சூசை

சாந்தோம் குப்பம், சென்னை
19-3-1949, சனிக்கிழமை

கனம் பொருந்திய ஆசிரியர் அய்யா அவர்களுக்கு, ஜெசிந்தா பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

கட்டுரையைத் தவிர வேறெதையும் தங்களுக்கு எழுதிப் பழக்கமில்லாத நான் இப்படிக் கடிதம் எழுதித் தொந்தரவு கொடுப்பதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். நேரில் வந்து சொல்லலாமென்று வியாழக்கிழமை வந்தேன். பாண்டி பஜாரில் பஸ்ஸை விட்டு இறங்கி, தங்கள் அலுவலகத்து மாடிப்படி வரைக்கும் வந்தாயிற்று. மேலே யாரோ சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான் என்று தோன்றித் திரும்பிவிட்டேன். தாங்களும் அலுவலகத்தாரும் சுகமாயிருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். இங்கே நாங்கள் சுகம், வசந்தி அக்காவைத் தவிர.

அமெரிக்க நட்சத்திரம் லோர்னா விட்கோமின் வாழ்க்கையை ஐந்து அத்தியாயங்களில் எழுதித் தரும்படி தாங்கள் கேட்டபோது, மூர் மார்க்கெட்டில் பழைய அமெரிக்கப் பத்திரிகைகளைத் தேடிப் பிடித்து, பிறப்பிலிருந்து வரிசையாகத்தான் எழுதிக் கொடுத்தேன். முதலாவதில் ஒஹாயோவில் ஒரு ரயில்வே சிப்பந்தி வீட்டில் பிறக்கிறாள். இரண்டாவதில் ஹோட்டலில் தட்டு கழுவிக்கொண்டே நடிக்கச் சான்ஸ் தேடுகிறாள். மூன்றாவதில் புகழ் வருகிறது, ஹென்றி என்ற காமிராக்காரரைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். நான்காவதில் ஹென்றி வேறொருத்தியோடு போய்விடுகிறார். இரண்டாவதும் ஐந்தாவதும் இன்னும் தங்கள் மேஜையில் இருக்கின்றன. ஆனால் மார்கழி இதழ் அச்சாகும்போது லோர்னா அழுகிற படத்துக்குத்தான் பிளாக் என்கிற அச்சுக்கட்டை தயாராக இருந்ததாம், ஆகவே ஹென்றி ஓடிப்போகிற அத்தியாயத்தை முதலில் போட்டீர்கள். தையில் கல்யாணப் படத்தின் பிளாக் வந்தது, கல்யாணம் நடந்தது. மாசியில் எந்தப் படமும் அகப்படாமல், குழந்தை உணவு விளம்பரத்துக்கு வைத்திருந்த பிளாக்கைப் போட்டு அவள் பிறந்த அத்தியாயத்தை வெளியிட்டீர்கள். எண் போட்டால் நடுவில் வாங்குகிறவர்கள் பழைய இதழ் கேட்டு நச்சரிப்பார்கள் என்று அத்தியாய எண்களையும் எடுத்துவிட்டீர்கள். பத்திரிகை நடத்துகிறவர்களின் சிரமம் எனக்குத் தெரியாது. அதனால்தான் இவ்வளவு நாள் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் தெருவில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பெண்கள் மீன்கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொள்வார்கள், நான் லோர்னாவை வாசிக்க வேண்டும். எழுதியதே நான்தான் என்று அவர்களுக்குத் தெரியாது, ஏனென்றால் கட்டுரையின் கீழே தாங்கள் போடுகிற பெயர் ஹாலிவுட் ஆனந்தன். ஆனந்தன் மேல் எங்கள் தெருவுக்கு அபார மரியாதை. "அவன் கப்பல்ல போய் அந்தம்மா வூட்லயே தங்கிட்டு வந்து எழுதறான்" என்பார் என் நைனா மாசிலாமணி. நான் செங்கல்பட்டைத் தாண்டியதில்லை.

வசந்தி அக்கா எங்கள் பக்கத்துக் குடிசை. அவள் புருஷன் வேலு மாமா காசிமேட்டில் இன்னொருத்தியோடு குடும்பம் நடத்துகிறார். ஹென்றி ஓடிப்போனதை நான் வாசித்தபோது அக்கா மூக்கைச் சிந்திவிட்டு, "வெள்ளக்காரனும் இப்டித்தானா?" என்று கேட்டாள். இப்படித்தான் என்றேன். அன்றைக்கே ஒரு மாதிரி தெளிந்துவிட்டாள். "இன்னும் எத்தினி நாளு வாசலப் பாத்துகினு கெடக்கறது? எனக்கு ஒரு வேல பாத்துக் குடு ஜெசி" என்றாள். நான் யாரிடமும் போய் எதையும் கேட்கிற சுபாவம் இல்லாதவள். ஆனாலும் அடையாற்றில் பெண்கள் விடுதி நடத்துகிற என் பழைய ஆசிரியை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக வெகுநேரம் நின்று, கடைசியில் கேட்டேவிட்டேன். சமையலறையில் வேலை, தங்க ஓர் அறை, மாதச் சம்பளம். புதுச் சமையலறை மார்ச் 21-ந் தேதிதான் திறக்கிறது, அன்றைக்கு, அதாவது வருகிற திங்கட்கிழமை, அக்கா வந்து சேராவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வேன் என்றும் சொல்லிவிட்டார். அக்கா அப்போதே மூட்டை கட்டத் தொடங்கினாள்.

அப்போதுதான் தை இதழ் வந்தது. கல்யாணத்தை வாசித்து முடிப்பதற்குள் எதிர்வீட்டு அங்கமுத்து அக்கா எழுந்து நின்றுவிட்டாள். "தோ பாத்தியா, திரும்பி வந்து மோதரம் போட்டுட்டான்" என்றாள். என் அம்மா அதற்கு முந்தின வாரம்தான் மாதா கோயிலில் லோர்னாவுக்காக மெழுகுவத்தி ஏற்றியிருந்தாள், அதன் பலன்தான் இது என்று மீன் கொண்டுபோகிற வீடெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். மாசி இதழில் குழந்தைப் படத்தைப் பார்த்ததும் கேட்கவே வேண்டாம். ஒரு பெண் குழந்தை பிறந்தது, அதற்கு லோர்னா என்று பெயரிட்டார்கள் என்று நான் எழுதிய முதல் வரியை நானே வாசிக்க, "ஆத்தா பேரையே வெச்சிட்டாங்க" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வசந்தி அக்கா மூட்டையை அவிழ்த்துவிட்டாள். குடிசைக்குச் சுண்ணாம்பு அடித்து, புதுப் பாய் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறாள். "நான் அடையாறு போய்ட்டு, அவுரு வந்து பூட்டிக் கெடக்கறதப் பாத்துட்டுத் திரும்பிட்டா இன்னா பண்றது?" என்கிறாள்.

நான் சும்மா இருந்துவிடவில்லை அய்யா. நேற்று எல்லோரையும் வைத்துக்கொண்டு சொன்னேன்.

"அக்கா, இது முன்ன பின்ன மாறி வந்துகீது. கல்யாணம் மொதல்ல. அவன் ஓடினது அப்பறம்."

"அப்ப கொழந்த?" என்றாள் வசந்தி அக்கா.

"அது லோர்னாவேதான். அவ பொறந்த கத."

அங்கமுத்து அக்கா என்னை இரக்கத்தோடு பார்த்தாள். "கட்டிக்கினு, பிரிஞ்சி, அப்பால போய்ப் பொறந்தாளா? இதான் நீ பி.ஏ. படிச்ச லட்சணமா?"

நைனா வலை பின்னுவதிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஆனந்தனுக்குத் தெரியாதது இவுளுக்குத் தெரிஞ்சிபோச்சாம்" என்றார். அம்மா மட்டும் என்னை உள்ளே இழுத்துப்போய், "அந்தம்மா நல்லா இருந்தா உனக்கு இன்னாடி எரியுது?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். நான்தான் ஆனந்தன் என்று தொண்டை வரை வந்தது. சொல்லியிருந்தால் எனக்குக் காய்ச்சல் என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பாள்.

ஐந்தாவது அத்தியாயம் வந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது. ஹென்றி போன பிறகு பட முதலாளிகள் இளம் பெண்களைத் தேடிப் போய்விட, லோர்னா தனியாக ரயிலேறி நியூயார்க் போய், டெலிவிஷன் என்ற ஒன்றில் நடித்து முன்னைவிட நன்றாக இருக்கிறாள் என்று எழுதியிருந்தேன். ரேடியோ மாதிரி ஒரு பெட்டி, அதில் ஆளும் தெரியும், ஜனங்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்கிறார்கள் என்று விளக்கமும் கொடுத்திருந்தேன். தாங்கள், 'படமும் இல்லை. கற்பனைக்கும் ஓர் எல்லை வேண்டும்' என்று குறித்து நிறுத்திவைத்துவிட்டீர்கள். அய்யா, ஒஹாயோ ஸ்டேஷனில் அவள் தாயார் கட்டுச்சாதம் கொடுத்தது, ஹோட்டல் முதலாளி திட்டியது எல்லாம் நான் சேர்த்தவை. அவற்றை ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்டீர்கள். டெலிவிஷனில் நான் ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை.

காலையிலிருந்து இந்தக் கடிதத்துக்கு உட்காருவதும், எழுந்து கடற்கரை வரை போய்த் திரும்புவதுமாக இருக்கிறேன். பக்கத்தில் அக்கா பாயை உதறி உதறி விரிக்கும் சத்தம் கேட்கிறது. திங்கட்கிழமை அந்த வேலை போய்விட்டால் நான் மறுபடியும் போய்க் கேட்க முடியாது. ஆகவே பத்திரிகையின் பெயர் அச்சிட்ட காகிதத்தில், 'ஹென்றி திரும்பி வரவில்லை' என்று இரண்டு வரி எழுதி, ஹாலிவுட் ஆனந்தன் என்று கையெழுத்திட்டு உடனே அனுப்பும்படி மிகவும் கேட்டுக்கொள்கிறேன். ஆனந்தன் சொன்னால் அக்கா கேட்பாள்.

தங்களுக்கும் குடும்பத்தாருக்கும் குறைவில்லாத ஆயுளும் பத்திரிகைக்கு நிறையச் சந்தாதாரர்களும் கிடைக்க வேண்டிக்கொண்டு,

தங்கள் கீழ்ப்படிந்த,
மா. ஜெசிந்தா

பின்குறிப்பு. திங்கட்கிழமை காலை. மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். தபாலில் போடத் தைரியம் வராமல் கடிதத்தை வைத்துக்கொண்டே இருந்தேன், நேற்று மத்தியானம் வேலு மாமா வந்துவிட்டார். தெருவே கூடிவிட்டது. அம்மா இன்னொரு மெழுகுவத்தியோடு கோயிலுக்கு ஓடினாள். அங்கமுத்து அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. வசந்தி அக்கா வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்து, புதுப் பாயில் உட்காரவைத்துப் பரிமாறினாள். அவர் ஒரு பிடி வாயில் வைத்துவிட்டு, "உப்பு கம்மி. அவ கையி வராது உனுக்கு" என்றாராம். மிச்சத்தையும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டார்.

விளக்கு வைக்கிற நேரம் அக்கா என்னிடம் வந்தாள். "ஜெசி, அந்த ஹென்றி வந்தானே, அப்பால அந்தம்மா சந்தோசமா இருந்துச்சா? ஆனந்தன் இன்னா எழுதிகீறான்?" என்று கேட்டாள். என்னிடம் இருந்த ஐந்தாவது அத்தியாயத்தின் நகலை எடுத்து, ஆனந்தன் எழுதியதாகவே வாசித்தேன். எந்த வரிசையில் வாசித்தாலும் லோர்னா தனியாகத்தான் ரயிலேறுகிறாள். தாங்கள் நம்பாத டெலிவிஷனை அக்கா உடனே நம்பினாள்.

"அந்தப் பொட்டில வந்து நின்னா யாரு துட்டு குடுப்பா?"

"சோப்புக் கம்பெனிக்காரங்க."

"புருசனுக்கு யாரு பொங்கிப் போட்டது?"

"அதப் பத்தி ஆனந்தன் ஒண்ணும் எழுதல."

"அவனே பொங்கித் துன்னுருப்பான்" என்று அக்காவே முடித்துக்கொண்டு, வெகுநேரம் சிரித்தாள். இன்று காலை மாமா எழுந்திருக்கும் முன்பே அடையாறு பஸ் ஏறிவிட்டாள்.

மாமா எழுந்து, ஆனந்தன் எழுதியதைக் கேட்டுத்தான் அக்கா போய்விட்டாள் என்று அங்கமுத்து அக்கா சொல்லித் தெரிந்துகொண்டதும், "எவன் அந்த ஆனந்தன்? கால ஒடைக்காம வுடமாட்டேன்" என்று பத்திரிகையைக் கொண்டுவந்து, விலாசத்தைப் படிக்கச் சொல்லி என்னிடமே நீட்டினார். பயத்தில் பொய் சொல்லத் தோன்றாமல் படித்துவிட்டேன். அவர் நடந்து வருகிறார். நான் பஸ்ஸில் முந்தி வந்து, மாடிப்படியின் கீழே நின்று இதை எழுதி, வாசல் காவல்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். மாமா வந்தால், ஆனந்தன் என்று யாரும் இல்லை, எழுதியது மாசிலாமணி மகள் என்று சொல்லிவிடுங்கள். நான் சின்னப் பிள்ளையாயிருந்ததிலிருந்து பார்த்தவர், என்னை ஒன்றும் செய்யமாட்டார். ஆனால் வாயால் சொன்னால் எங்கள் தெருவில் யாரும் நம்புவதில்லை. ஆகையால் பங்குனி இதழில் ஐந்தாவது அத்தியாயத்தை, எந்த பிளாக் கையில் இருக்கிறதோ அதோடு போட்டு, கீழே என் பெயரை அச்சிடுங்கள்.