பாசிக்குக் குடை பிடித்தவர்

உலகத்தில் பாசிக்குக் குடை பிடித்த மனிதர் ஒருவர்தான். அவர் ஆம்பூரில் எங்கள் காம்பவுண்டில், எனக்கு அடுத்த அறையில் குடியிருந்தார். பேர் ஏதோ இருந்தது. யாரும் கூப்பிட்டதில்லை. பாசிக்காரர் என்றால்தான் தெரியும்.

நெமிலிப் பக்கத்து ஆள். குடும்பம் ஊரில். இங்கே தோல் பதனிடும் ஷாப்பில் தண்ணீர் இறைக்கும் ஆயில் இன்ஜின் ஓட்டினார். நான் அதே ஷாப்பில் தோல் அலசுகிறவன்.

எழுபதுகளின் கடைசி. டீசல் கிடைக்காத நேரம். இன்ஜின் பாதி நாள் சும்மா நிற்கும். அவரும் பக்கத்தில் சும்மா நிற்பார். அப்படி நின்றபோது வேர்க்கடலை வாங்கினார். தின்றுவிட்டுப் பொட்டலப் பேப்பரைப் படித்தார். பாசியிலிருந்து எண்ணெய் எடுத்து வண்டி ஓட்டலாம் என்று போட்டிருந்தது. எப்படி எடுப்பது என்கிற பாதி வேறு யாருடைய கடலையோடோ போய்விட்டது.

அவருக்கு இந்தப் பாதியே போதும்.

வேலூர் கோட்டை அகழியில் ஒரு டின் நிறையப் பாசி அள்ளிக்கொண்டு பஸ் ஏறினார்.

"இன்னாய்யா டின்னுல? நாறுது" என்றார் கண்டக்டர்.

"உயிருங்க. வளக்கப் போறேன்."

"உயிரா? அப்ப அதுக்கும் டிக்கெட் எடு."

"சின்னதுதாங்க. அரை டிக்கெட் போடுங்க."

ஆம்பூர் வரும்வரை இதே பேச்சு. கடைசியில் கண்டக்டர் அரை டிக்கெட் போட்டார்.

தார் பீப்பாய்களைப் பாதியாக அறுத்துத் தொட்டியாக்கி, மொட்டை மாடியில் வைத்துப் பாசி வளர்த்தார். காலையில் வெயில் காட்டுவார். உச்சி வெயிலில் குடை பிடிப்பார். குடை பாசிக்கு. அவர் தலைக்கு ஒன்றும் கிடையாது.

மாடியில் யாரும் துணி காயப்போடக் கூடாது. கீழ் அறை சரோஜாவுக்கும் அவருக்கும் தினம் இதே சண்டை.

"உம் பொடவை நெழல் பட்டா பாசி வாடிடும்மா."

"எம் புள்ளைங்க ஈரச் சட்டையோட இஸ்கூலுக்குப் போவுது. ஒனக்குப் பாசி வாடுதா?"

"புள்ளைங்க வெயில் இருக்கிற பக்கம் நடந்து போவும். பாசி எங்க போவும்?"

அன்று சரோஜா ஈரப் புடவையை வாளியில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள்.

இவ்வளவு பார்த்தும் பாசி மெலிந்தது. புதுப் பாசி வேண்டும். பின் தெருவில் எல்லாம் உருது பேசுகிற வீடுகள். வீட்டுக்கு வீடு தண்ணீர்த் தொட்டி. தொட்டியில் பாசி இல்லாமலா போகும்? ஒரு சட்டியோடு போய் வாசலில் நின்றார்.

"அம்மா, பாசி இருந்தா போடுங்கம்மா!"

உருதுவில் பாசி என்றால் பழைய சோறு, மீந்துபோன சாப்பாடு. ஆம்பூரில் எல்லோருக்கும் தெரியும். நெமிலியில் தெரியாது. சட்டி ஏந்தி நின்றவரைப் பார்த்து அந்த அம்மாக்கள் பாவப்பட்டார்கள். வீட்டுக்கு வீடு நேற்றைய பிரியாணியைப் போட்டார்கள்.

சந்தோஷமாகத் திரும்பி வந்தார்.

"பாத்தியாப்பா! பாசி கேட்டேன். அவங்ககிட்ட இல்ல போல. பாசிக்குத் தீனி குடுத்து அனுப்புறாங்க. இன்னா மனசு!"

எனக்கு விஷயம் புரிந்தது. அவர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

அத்தனையும் மாடித் தொட்டியில் விழுந்தது. கல்யாண மாதம் வேறு. சட்டி போய் அண்டா வந்தது. கொஞ்ச நாளில் தொட்டியின் மேல் எண்ணெய் மிதந்தது. எல்லாம் நெய்யும் டால்டாவும். அவர் போட்ட கூச்சல் ரயில்வே ஸ்டேஷன் வரை கேட்டது.

"உட்டுடுச்சுப்பா! பாசி எண்ணெய் உட்டுடுச்சு!"

நாற்றமும் விட்டது. தோல் ஊறுகிற ஊர். நாற்றம் எங்களுக்குப் புதிதில்லை. நாங்களே மூக்கைப் பிடித்தோம். காம்பவுண்டுக்குச் சொந்தக்காரர் ஹாஜி சாயபு மாடி ஏறி வந்தார்.

"வெள்ளிக்கெழமை வரைக்கும் டைம். இந்த எண்ணெயில இன்ஜின் ஓடணும். ஓடலைன்னா தொட்டிங்க குப்பைக்குப் போவும். பேஜார் ஜாஸ்தியாப் போச்சு."

பாசிக்காரர் அன்று சாப்பிடவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட தகப்பன் மாதிரி தொட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து எல்லோரும் வந்தார்கள். காம்பவுண்டுக் கிணற்றடியில் ஒரு பழைய இன்ஜின் உண்டு. சரோஜா ஈரத் துணி வாளியோடு தயாராக நின்றாள். தொட்டி இறங்கினதும் அவள் ஏற வேண்டும்.

பாசிக்காரர் கொஞ்சம் டீசல் விட்டு இன்ஜினைச் சூடாக்கினார். பிறகு வடிகட்டிக் காய்ச்சிய தன் எண்ணெயை ஊற்றினார். இன்ஜின் இருமியது. விக்கியது. அவர் அதன் முதுகைத் தடவிக்கொடுத்தார். டபடபவென்று பிடித்துக்கொண்டது. குழாயில் தண்ணீர் கொட்டியது.

புகையும் வந்தது. பட்டை, கிராம்பு, ஏலக்காய். மொத்தக் கூட்டமும் மூக்கை விரித்தது. எங்கிருந்தோ ஒரு நாய் ஓடி வந்து புகைக்குழாய்க்கு முன்னால் உட்கார்ந்துகொண்டது.

சாயபு மூச்சை இழுத்துப் பார்த்தார்.

"அரே, இது எங்க வூட்டு மசாலா மாதிரி கீதே?"

பெண்கள் நின்று பார்க்கக் கட்டிய திரைக்குப் பின்னால் அவர் வீட்டம்மா இருமினார். தொட்டியில் விழுந்ததில் அந்த அம்மா கைப் பிரியாணிதான் அதிகம்.

சாயபு சுற்றிப் பார்த்து என்னைப் பிடித்தார். பேசாத ஆள் பொய் சொல்ல மாட்டான் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

"நீ சொல்லு. இது இன்னா வாசனை?"

பாசிக்காரர் என்னைப் பார்த்தார். முகமெல்லாம் கரி. கண் மட்டும் தெரிந்தது.

"பாசி வாசனை, பாய்" என்றேன்.

இரண்டு பாஷையிலும் அது உண்மை.

சாயபு என்னை முறைத்தார். அப்புறம் சிரித்தார். தொப்பி நழுவி விழும்வரை சிரித்தார்.

"ஆமாமா. பாசியேதான். தொட்டி இருக்கட்டும்."

சரோஜா முனகிக்கொண்டே வாளியைத் தூக்கிப் போனாள்.

அடுத்த வாரத்திலிருந்து சாயபு வீட்டிலிருந்து இரண்டு தூக்கு வந்தது. பழையது தொட்டிக்கு. சூடானது பாசிக்காரருக்கு. சூடானதிலும் பாதியைத் தொட்டியில் போடுவார்.

"நாம மட்டும் சுடச்சுடத் தின்னா அது இன்னா நெனைக்கும்?"

பிறகு ஷாப்பில் கரண்ட் மோட்டார் வந்தது. பாசிக்காரர் ஒரு டின் பாசியோடு நெமிலிக்குத் திரும்பினார். அதற்கும் அரை டிக்கெட் எடுத்திருப்பார். தொட்டிகளைச் சாயபு இறக்கிவிட்டார். மாடி காலியானது.

சரோஜா மாடி முழுக்கக் கொடி கட்டினாள். தொட்டி இருந்த மூலையில் மட்டும் கட்டவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"அங்க பொடவை நெழல் வுழும்" என்றாள்.