அரை அங்குலம் இடம் விட்டவர்

ஆசிரியர் ஐயா, முதலில் மன்னிப்பு. என் கையெழுத்தை மருந்துக் கடையில் நீட்டினால் மாத்திரை கொடுத்துவிடுவார்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றதால் எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். திருத்திப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் மார்ஜின் அண்ணனைப் பற்றிச் சொல்வதில் ஒரு வரியையும் வெட்டிவிட வேண்டாம்.

செல்போனில் பார்க்கிற வெப் பக்கத்துக்கு, கத்தி எங்கே இறங்க வேண்டும் என்று நாலு மூலையிலும் கட்டிங் மார்க் போட்ட மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். அருப்புக்கோட்டையில் நான் வேலை பார்க்கிற அச்சகத்தில் அவர் கம்ப்யூட்டரில் உட்காருவார். நான் தாள் வெட்டும் மிஷினில் நிற்பேன்.

அவருக்கு அந்தப் பெயர் வரக் காரணம் நான். அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கட்டைக் கோணலாக வைத்துக் கத்தியை இறக்கிவிட்டேன். ஓரத்து வரி போய்விட்டது. போனது மாப்பிள்ளையின் தாய்மாமன் பெயர். மல்லாங்கிணற்றிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களோடு அவர் வந்து இறங்கினார்.

“எம் பேர வெட்டுனவன் எவன்லே? வெளிய வரச் சொல்லு!”

மிஷினுக்குப் பின்னால் நான் தாள் அடுக்குகிற மாதிரிக் குனிந்துகொண்டேன். கம்ப்யூட்டர் முன்னாலிருந்து அண்ணன் எழுந்தார்.

“நாந்தான் அண்ணாச்சி. எடம் விடாமப் போட்டுட்டேன்.”

“தாய்மாமன் பேர ஓரத்துலயா போடுவ? நடுவுல போட்டா என்ன?”

“நடுவுல மாப்பிள்ள பேரு இருக்குண்ணாச்சி.”

“அவனுக்குக் காது குத்துனதே எம் மடியிலதான்யா!”

அன்று முழுவதும் முதலாளி அண்ணனைத் திட்டினார். அண்ணன் விட்டிருந்த இடம் போதுமானதுதான். அது எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து அவர் எதைப் போட்டாலும் நாலு பக்கமும் கூடுதலாக அரை அங்குலம் மார்ஜின் விட்டார். தாளோடு நின்றிருந்தால் பரவாயில்லை. டீக் கிளாஸில் மேலே அரை அங்குலம் குறைத்து ஊற்றச் சொல்வார். சாப்பாட்டு இலையில் சோற்றைச் சுற்றி வேலி போட்ட மாதிரி இடம் விட்டுத்தான் சாப்பிடுவார். ரசம் அந்த எல்லையைத் தாண்டினால் எழுந்துவிடுவார். கல்யாண வீட்டு போட்டோவில் மட்டும் ஓரத்தில் நிற்கவே மாட்டார். “பிரேம் போடுறவன் ஓரத்த வெட்டிருவாம்ப்பா” என்று நேரே போய்ப் பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் நின்றுகொள்வார். இந்தப் பக்கத்து வீடுகளில் பாதிக் கல்யாண ஆல்பத்தில் மூன்றாவது ஆளாகச் சிரித்துக்கொண்டிருப்பவர் அவர்தான்.

இப்படியிருக்கும்போது, திருச்சுழி ரோட்டில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு வெப் பக்கம் வேண்டும் என்று ஆசை வந்தது. எங்கள் முதலாளி சரி என்று ஒப்புக்கொண்டார். அண்ணனுக்குத் தெரிந்ததோ நோட்டீஸும் பத்திரிகையும் போடுகிற டிடிபி சாப்ட்வேர் ஒன்றுதான்.

“இது சரியா வரலேன்னா மதுரையிலருந்து ஆள் போட்டுக்கிருவேன். பாத்துக்க” என்றார் முதலாளி.

அண்ணன் வத்தல் அண்ணாச்சியிடம் கேட்டார்: “பக்கம் என்ன அளவு அண்ணாச்சி?”

“போன்ல தெரியணும்யா.”

“எந்தப் போன்ல? ஒங்க போன்லயா, மதினி போன்லயா?”

“எல்லாப் போன்லயுந்தான்.”

“சரி, கீழ எங்க முடியும்?”

“முடியாது. தள்ளத் தள்ளப் போய்க்கிட்டே இருக்கும்.”

“முடியாத பக்கமா?” என்று அண்ணன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கடைசியில் அவரே ஏ ஃபோர் என்று முடிவு செய்துவிட்டார்.

எட்டு நாள் உட்கார்ந்து செய்தார். மேலே பிள்ளையார் சுழி, நடுவில் வத்தல் குவியல், முட்டை வடிவ வளையத்துக்குள் அண்ணாச்சியின் அப்பா. பெரிய கம்ப்யூட்டரில் பார்க்கக் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஜொலித்தது. அதையே அந்த சாப்ட்வேரில் வெப் பக்கமாக மாற்றி ஏற்றியும் விட்டார். அண்ணாச்சி தன் போனில் திறந்தார்.

“எங்கய்யா என் கட? வத்தக் காம்பு ஒண்ணுதான் தெரியுது.”

“வலது பக்கம் தள்ளுங்கண்ணாச்சி.”

தள்ளினார். அப்பாவின் மீசையில் பாதி வந்தது.

“இன்னும் கொஞ்சம்.”

மீதி மீசை வந்தது, அப்பா போய்விட்டார். விரலால் சுருக்கினார். முழுப் பக்கமும் வந்தது, எழுத்தெல்லாம் எறும்பு முட்டை ஆகிவிட்டது. அடியில் ஒரு விரல் படம் போட்டு, ‘மறுபக்கம் பார்க்க’ என்றிருந்தது. அண்ணாச்சி போனைத் திருப்பிப் பார்த்தார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“ஏம்ப்பா, சாக்குல போடச் சொன்னா தகரப் பெட்டியில அடைச்சு வச்சிருக்க. சாக்குன்னா எந்த லோடுலயும் நெளிஞ்சு உக்காரும். பெட்டி உக்காருமா?” என்றார் அண்ணாச்சி.

முதலாளி போனை வாங்கிப் பார்த்தார். “இது என்னய்யா மூலைல கோடு?”

“கட்டிங் மார்க்கு.”

“போன எவன்யா வெட்டப் போறான்? தாய்மாமன் பேர வெட்டுன ஆளுதான நீ! அன்னைக்கே அனுப்பியிருக்கணும்.”

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். மூன்றே வார்த்தை. அது நான்தான் முதலாளி. நாக்கு வரைக்கும் வந்தது. அண்ணன் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை லேசாக அசைத்தார். அதையே சாக்காக வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே முதலாளி அவர் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார். பாளையம்பட்டி பஸ் வரும் வரைக்கும் அவரோடு நின்றேன்.

“அண்ணே, போன்ல யாருண்ணே வெட்டப் போறா?”

“தெரியலப்பா. எங்கயாச்சும் கை நடுங்குறவன் ஒருத்தன் இருப்பாம்ல? அவனுக்கு அரை அங்குலம் கெடந்துட்டுப் போகுது. வாரேன்.”

டிடிபி சாப்ட்வேர் வெப் பக்கத்துக்கு ஆகுமா என்று கேட்டால், ஆகாது. தாளுக்கு ஒரே ஓரம். போனுக்கு ஆளுக்கு ஒரு ஓரம். மதுரைக்காரர் செய்த பக்கம் எந்தப் போனிலும் நெளிந்து உட்காருகிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அண்ணன் செய்த பழைய பக்கத்தை யாரும் எடுக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என் போனில் அதைத் திறப்பேன். முதல் மூலையிலிருந்து நாலாவது மூலைக்குத் தள்ளித் தள்ளிப் போகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த நேரம் எனக்குப் போதவில்லை.

அவர் மகனோடு திருப்பூரில் இருப்பதாகச் சொல்கிறார்கள். பழைய நம்பர் வேலை செய்யவில்லை. எந்த ஊரில் இருந்தாலும் டீக்கடையில் வாரப் பத்திரிகையை அட்டையிலிருந்து அட்டை வரைக்கும் படித்துவிடுவார். எங்கள் முதலாளி மேஜைக்கும் இந்தப் பத்திரிகை வரும். அதனால்தான் இதற்கு எழுதுகிறேன்.

அது நான்தான் முதலாளி.

அண்ணே, இந்தத் தாளில் நாலு பக்கமும் அரை அங்குலம் விட்டுத்தான் எழுதியிருக்கிறேன்.

ஆவணி மூன்று, புதன்கிழமை.