கறிக்கடை நைனாவும் புரட்டாசி லீவும்

வாடிக்கையாளரைத் திட்டித் திட்டியே வியாபாரத்தை வளர்த்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஆட்டுக்கறிக் கடை வைத்திருக்கும் நைனா. அவருக்கென்று ஒரு பெயர் இருக்கத்தான் வேண்டும். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்துகொண்டு, அவர் தெருவிலேயே குடியிருந்த நான் அதைக் கேட்டதே இல்லை.

கேட்டதைக் கொடுப்பது நைனாவுக்குப் பிடிக்காது. நெஞ்செலும்பு கேட்டால் தொடைக்கறி வெட்டுவார். கொஞ்சம் கொழுப்பு சேர்த்துப் போடுங்கள் என்று சொல்லிவிட்டால் போச்சு, கத்தியைக் கீழே வைத்துவிட்டு நம் வயிற்றை ஒரு பார்வை பார்ப்பார். அத்தனை கூட்டத்துக்கு நடுவில் மானம் போய்விடும். ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே வரிசையில்தான் நிற்போம், ஏனென்றால் கறி அப்படி இருக்கும்.

ஊர்க் கொழுப்பையெல்லாம் எடை போட்ட மனிதருக்குத் தன் கொழுப்பு தெரியவில்லை. ஒரு நாள் ஆட்டுத் தொடையைக் கொக்கியில் மாட்டப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். காஞ்சிபுரத்துக்குக் கொண்டுபோய், ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை ஒன்று, தினமும் ராத்திரி, ஆயுசு முழுக்கப் போட வேண்டும் என்றார்கள். எனக்கும் அதே மாத்திரைதான், கொஞ்சம் வீரியம் குறைவு. அது தெரிந்த அன்றே என்னைத் தன் கூட்டாளி என்று கடைத்தெரு முழுக்க அறிவித்துவிட்டார்.

மாத்திரை விஷயத்தில் நைனாவுக்கு ஒரு சொந்தச் சட்டம் இருந்தது. கறி தின்றால் மாத்திரை, தின்னாவிட்டால் அதற்கு வேலை இல்லை. செவ்வாய், வெள்ளி கவிச்சி கிடையாது, ஆகவே மாத்திரையும் கிடையாது. அமாவாசை, கிருத்திகைக்கும் அப்படியே. டாக்டர் சொன்னதை அவர் மனைவி அம்சா அக்கா எடுத்துச் சொன்னால், விரதத்தைப் பற்றி டாக்டருக்கு என்ன தெரியும் என்று வாயை அடைத்துவிடுவார்.

அப்புறம் புரட்டாசி வந்தது. பாதி ஊர் பெருமாளுக்குப் பயந்து அந்த மாதம் முழுக்க முட்டையைக்கூடத் தொடாது. நைனா கடையை இழுத்து மூடினார். கையோடு மாத்திரை அட்டையையும் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டார். பதறிப்போய்க் கேட்ட எனக்கு ரொம்பப் பொறுமையாகப் பாடம் எடுத்தார்.

"கவிச்சியே துன்னலியே வாத்தியாரே, அப்புறம் மாத்திர உள்ள போயி இன்னாத்த கரைக்கும்? சும்மா வவுத்துல சுத்திக்கினு இருக்கும்."

அதோடு நின்றாரா? நெல் அறுக்கும் மெஷின்காரர், டீக்கடைக்காரர் என்று தெருவில் அதே மாத்திரை சாப்பிடுகிற எல்லோருக்கும் புரட்டாசி லீவு விட்டார். பெருமாளும் நைனாவும் சேர்ந்து சொன்னால் யார் தட்டுவார்கள்? நான் மட்டும் வீட்டுக்காரிக்குப் பயந்து போட்டுக்கொண்டேன்.

தீபாவளிக்குக் கடையைத் திறந்தார். விட்டதைப் பிடிக்க வேண்டுமே என்று ராத்திரி மூன்று மாத்திரையாகச் சேர்த்து விழுங்க ஆரம்பித்தார். சில நாளில் தொடையும் கெண்டைக்காலும் அடித்துப்போட்ட மாதிரி வலி. கறிக்கட்டைக்கு முன்னால் நிற்க முடியவில்லை. எல்லா பேஜாரும் இந்த மாத்திரையால்தான் என்று ஒரேயடியாகத் தூக்கி எறிந்துவிட்டார். ஏற்கெனவே ஒருமுறை அடைத்த நெஞ்சு. மறுபடி அடைத்தால் ஆளைப் பார்க்க முடியாது என்று அம்சா அக்கா எங்கள் வீட்டு வாசலில் நின்று அழுதார். இரண்டு பேருமாக நைனாவை ஆட்டோவில் தள்ளி ஏற்றினோம்.

ஊர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார். கெட்ட கொழுப்பு முன்னைவிட ஏறி உட்கார்ந்திருந்தது. மாதம் முழுக்கப் புளியோதரை தின்றவனுக்குக் கொழுப்பு எந்த வழியாக வந்தது என்று நைனா நியாயம் கேட்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"சாப்பாட்டுல வர்றது கொஞ்சம்தாங்கய்யா. மிச்சத்த உங்க ஈரலே செய்யுது. அதுக்குப் புரட்டாசி எல்லாம் தெரியாது."

நைனா தன் வலது விலாவுக்குக் கீழே தடவிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இத்தினி வருசமா ஈரல் வித்துக்கினு கீறேன் வாத்தியாரே. அது உள்ள இந்த வேல பண்ணிக்கினு கீதுன்னு ஒருத்தனும் சொல்லல பாரு."

ஒரு நாள் மறந்தால் போனது போகட்டும், மறுநாள் வழக்கம்போல ஒன்றுதான், சேர்த்துப் போடவே கூடாது என்றார் டாக்டரம்மா. வலி வந்தால் உடனே வந்து சொல்ல வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது என்றும் கண்டித்தார். தசைக்கு ஒரு பரிசோதனை பார்த்துவிட்டு மருந்தின் அளவை மாற்றிக் கொடுத்தார். வலி மெல்ல மெல்ல விட்டது.

அன்று சாயங்காலமே நைனா நொண்டிக்கொண்டு வீடு வீடாகப் போய், தான் விட்ட லீவை ரத்து செய்தார். மெஷின்காரர் மட்டும் மசியவில்லை. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தால்தான் கறி என்றார் நைனா. கோழிக்கடைக்குப் போகிறேன் என்றார் அவர். தாராளமாகப் போ, போகிற வழியில்தான் ஆஸ்பத்திரி என்றார் நைனா. மெஷின்காரர் ஒரு வாரம் கோழி தின்று பார்த்தார். அதற்கு மேல் நாக்கு கேட்கவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வரிசைக்கு வந்து சேர்ந்தார்.

இப்போது நான் மாற்றலாகி மதுராந்தகத்தில் இருக்கிறேன். தினமும் ராத்திரி சாப்பாட்டு வேளை முடிந்ததும் நைனாவிடமிருந்து போன் வரும், மாத்திரை போட்டாயா என்று. போட்டேன் என்றால் சரி என்று வைத்துவிடுவார். ஒரு நாள் அம்சா அக்கா தனியாகக் கூப்பிட்டார்.

"நீ போட்டேன்னு சொன்னா அவரு பாட்டுக்கு மாத்திர போடாம படுத்துக்கிறாரு சார். இல்லன்னு சொன்னாத்தான் ஒன்னத் திட்டிக்கினே எந்திரிச்சி, ரெண்டு பேரும் ஒண்ணா போடலாம்னு தன்னோடத எடுக்கிறாரு."

அன்றிலிருந்து நான் சாப்பிட்டவுடன் என் மாத்திரையைப் போட்டுவிட்டு, போன் வந்ததும் இன்னும் போடவில்லை என்கிறேன். படித்தவன் பண்ணுகிற காரியமா என்பார். என்னிடம் படிக்கிற பிள்ளைகளை நினைத்துப் பரிதாபப்படுவார். எனக்கு அது தேன் மாதிரி இருக்கும். திட்டி முடித்து, எங்கே போடு பார்க்கலாம் என்பார். நான் இந்தப் பக்கம் வெறும் தண்ணீர் குடிப்பேன். அந்தப் பக்கம் நைனா மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்கும். அது காதில் விழுந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வரும்.