மாமனாரைச் சுடப் போன கதை

துப்பாக்கி வைத்திருப்பவர் கூப்பிட்டால் போகக் கூடாது. போகாமல் இருப்பதற்கு ஒரு காரணத்தை முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்வது நல்லது. எனக்கு அந்த நேரத்தில் ஒன்றும் தோன்றவில்லை. ‘ஓ, வர்றேனே’ என்று சொல்லிவிட்டேன்.

1998-ஆம் வருடம். 2000 பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் குழம்பிப்போய் விமானங்கள் கீழே விழும் என்று அமெரிக்கா பயந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டர்கள் குழம்பாமல் புரோகிராம்களைத் திருத்துவது என் வேலை, அந்தப் பயத்தில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. நானும் என் மனைவி சுதாவும் டெக்சஸில் பிளானோ என்ற ஊரின் வடக்கு ஓரத்தில் வீடு வாங்கியிருந்தோம். எங்கள் தெருவோடு ஊர் முடிந்துவிடும். பின்பக்க மரவேலிக்கு அப்பால் வெர்னன் என்பவரின் ஆட்டுப் பண்ணை. அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்கள் எல்லாம் வீடு கட்டும் கம்பெனிகளுக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். வெர்னன் மட்டும் விற்கவில்லை. ஆடுகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாராவது கேட்டால், வீடுகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று திருப்பிக் கேட்பார்.

அந்த வசந்தத்தில் அவருடைய ஆட்டுக்குட்டிகள் காணாமல் போக ஆரம்பித்தன. கொயோட்டியின் வேலை. (கொயோட்டி என்பது நரியைவிடப் பெரிசு, ஓநாயைவிடச் சிறிசு. தூரத்திலிருந்து பார்த்தால் சோறு கிடைக்காத நம் ஊர் நாய்.) ஒருநாள் வெர்னன் வேலியோரமாக வந்து நின்று, காலடித் தடம் எங்கள் வீட்டுப் பக்கம் வருகிறது, வெளியே நாய்ச்சோறு, பூனைச்சோறு ஏதாவது வைக்கிறீர்களா என்று விசாரித்தார்.

எனக்குக் கொஞ்சம் ரோஷமாகக்கூட இருந்தது. எங்களிடம் நாயும் இல்லை, பூனையும் இல்லை, சாப்பாட்டை வெளியே போடும் பழக்கம் எங்கள் குடும்பத்திலேயே கிடையாது என்று சொன்னேன். அப்படியானால் சனிக்கிழமை விடியற்காலையில் வருகிறாயா, இரண்டு ஜோடிக் கண் இருந்தால் நல்லது என்றார். முன்பு சுட்டிருக்கிறாயா என்றும் கேட்டார். சுட்டிருக்கிறேன் என்றேன். அது பொய் இல்லை. கோயம்புத்தூர் பொருட்காட்சியில் பலூன் சுட்டிருக்கிறேன். பலூன்காரர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு இன்னொரு முறை சுடச் சொன்னார் என்பதை வெர்னனிடம் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

இந்த இடத்தில் என் மாமியாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோபியில் உரக்கடை வைத்திருந்த என் மாமனார் அதற்கு முந்தின வருடம் காலமாகிவிட்டார். தனியாக இருக்கிறாரே என்று அத்தையை ஆறு மாத விசாவில் அழைத்து வந்திருந்தோம். அத்தை வந்த மறுநாளே குளித்து, சமைத்து, ஒரு எவர்சில்வர் தட்டில் சோறும் பருப்பும் நெய்யும் வைத்து எடுத்துக்கொண்டு, ‘கா, கா’ என்று கூப்பிட்டபடி கொல்லைக்குப் போனார். காக்காய் வரவில்லை. மளிகைக் கடை பார்க்கிங்கில் கறுப்பாக நீளவாலோடு ஒரு பறவைக் கூட்டம் கத்திக்கொண்டு கிடக்கும். அதுகூட எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அத்தை சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். ஆனால் வைத்த சோற்றை யாராவது எடுத்தால்தான் தான் சாப்பிடுவேன் என்று உட்கார்ந்துவிட்டார். சுதா கெஞ்சினாள், அழுதாள், ஆபீஸிலிருந்து போன் போட்டுத் திட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை.

“ஏனுங்க மாப்பிள்ளை, அங்கிருந்து இத்தனை தூரம் வாரதுக்கு அவருக்கு வழி தெரியலீங்களோ என்னமோ” என்று ஒரு சாயங்காலம் என்னிடம் கேட்டார். கோபியிலிருந்து ஈரோட்டுக்குப் போவதற்கே இரண்டு பேரிடம் வழி கேட்கிற மனிதர் என் மாமனார். எனக்கும் அந்தச் சந்தேகம் நியாயமாகத்தான் பட்டது.

வேலியின் மேல் தட்டு நிற்காது. அதனால் வேலியிலிருந்த பின்கதவைத் திறந்து, வேலிக்கு வெளியே கிடந்த ஒரு கல்லின் மேல் வைக்கத் தொடங்கினார். விடிந்தும் விடியாமலும் சமைத்து எடுத்துப் போய்விடுவார். அதிலிருந்து தட்டு காலியாக ஆரம்பித்தது. அத்தை சிரித்த முகத்தோடு உள்ளே வந்து இட்லி சாப்பிட்டார். மாத்திரை போட்டுக்கொண்டார். அணில் தின்கிறது என்று நான் நினைத்தேன். சுதாவும் அப்படித்தான் நினைத்தாள். அம்மா சாப்பிட்டால் போதும் என்று இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

ஒருநாள் இந்தியன் கடையில் பாகற்காய் கிடைத்து, அதையும் பொரியல் செய்து வைத்தார். தட்டில் மற்றது எல்லாம் காலி, பாகற்காய் மட்டும் ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தது. அத்தை அந்தத் தட்டை என்னிடம் காட்டிக் கண் கலங்கினார். மாமனார் இருந்தவரைக்கும் பாகற்காயைத் தொட்டதில்லை. இனிமேல் அத்தை யார் சொல்லியும் கேட்கப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இவ்வளவும் தெரிந்த நான்தான், சாப்பாட்டை வெளியே போடும் பழக்கமே இல்லை என்று வெர்னனிடம் சொன்னேன். சத்தியமாக எனக்கு உறைக்கவில்லை. காக்காய்க்கு வைக்கிற சோறு எங்கள் கணக்கில் வெளியே போடுகிற சாப்பாடு இல்லை. அது படையல். அவர் நாய்ச்சோறு பற்றிக் கேட்டார், நான் நாய்ச்சோறு பற்றிப் பதில் சொன்னேன். இன்றைக்கும் அந்தப் பதிலில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை வந்தது. வாசனையே இருக்கக் கூடாது, சென்ட் போடாதே, சோப்புப் போடாதே என்று வெர்னன் சொல்லியிருந்தார். நான் போடவில்லை. ஆனால் முந்தின நாள் வெள்ளிக்கிழமை. அத்தை வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டிருந்தார். என் ஸ்வெட்டர், தொப்பி, தலைமுடி எல்லாமே ஒரு சின்னக் கோயில். வெர்னன் என்னை மோந்து பார்த்துவிட்டு, காற்று உன் வாசனையை அந்தப் பக்கம் கொண்டுபோகாத இடமாகப் பார்த்து உட்கார் என்று மட்டும் சொன்னார்.

நடந்து போகும்போது அவர் பேசினார். அவருடைய அப்பா காலத்தில் ஊரே கூடி கொயோட்டிகளை ஒழித்துக்கட்டினார்களாம். அதற்கப்புறம் முயல் பெருகிப் புல்லைத் தின்றது, எலி பெருகித் தீவன மூட்டையைத் தின்றது. கொஞ்ச காலத்தில் எங்கிருந்தோ வேறு கொயோட்டிகள் வந்தன. பழையவை ஆட்டுப் பக்கம் வராதவை, புதிதாக வந்தவை எதற்கும் துணிந்தவை. ஓடைப் பக்கம் இப்போது ஒரு ஜோடி இருக்கிறது, எலி பிடித்துத் தின்றுவிட்டுத் தன் பாட்டுக்குக் கிடக்கிறது, அதை நான் தொட மாட்டேன் என்றார். இது வேறு ஒன்று. மனிதப் பயம் விட்டுப்போன ஒன்று. வீட்டோரம் வரப் பழகியிருக்கிறது, வரும் வழியில் என் குட்டிகளைப் பார்த்துவிட்டது, இதைச் சுடாவிட்டால் இந்த வருடம் எனக்கு ஒரு குட்டிகூட மிஞ்சாது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்கிற மாதிரி சொன்னார்.

வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்தோம். அசையக் கூடாது. வெர்னன் ஒரு சின்னக் குழலை எடுத்து ஊதினார். அடிபட்ட முயல் கத்துகிற மாதிரி சத்தம் வந்தது. கொயோட்டிக்கு அது சாப்பாட்டு மணி. ஊதிவிட்டுக் காத்திருந்தார், மறுபடி ஊதினார். என் இடது கால் முதலில் மரத்துப்போனது, பிறகு வலது கால். இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்கு இரண்டும் போய்விட்டன.

வெளிச்சம் வரும் நேரத்தில் அது வந்தது. முயல் சத்தத்துக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆபீஸுக்குப் போகிறவரைப் போல நேராக எங்கள் வீட்டு வேலியோரம் நடந்து போய், பின்கதவுக்கு எதிரே உட்கார்ந்தது. கல்யாணத்தில் அடுத்த பந்திக்குக் காத்திருப்பவரைப் போல வாலைச் சுருட்டிக்கொண்டு நிதானமாக உட்கார்ந்தது.

கதவு திறந்தது. சேலைக்கு மேல் என் பழைய ஸ்வெட்டர், காலில் சாக்ஸும் செருப்பும், கையில் தட்டு. அத்தை அதைப் பார்த்தார். பயப்படவில்லை. கல்லின் மேல் தட்டை வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய்க் கைகூப்பினார். அந்த அமைதியில் குரல் துல்லியமாகக் கேட்டது.

“வாங்க. ஆறிப்போவுது, சாப்புடுங்க. இன்னைக்குப் பாவக்கா வெக்கலைங்க.”

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அணிலும் இல்லை, காக்காயும் இல்லை. அத்தைக்கு இது முதல் நாளிலிருந்தே தெரியும்.

பக்கத்தில் வெர்னன் துப்பாக்கியைத் தூக்கினார். பின்னால் வீடு இருந்ததால் உடனே தாழ்த்திவிட்டார். அது தின்றுவிட்டுத் திரும்பி, திறந்த வெளிக்கு வரும்போது சுடலாம் என்று சைகை காட்டினார். துப்பாக்கியின் சேஃப்டிப் பூட்டைத் தள்ளுகிற ‘டிக்’ சத்தம் கேட்டது. நான் அத்தையை நினைத்தேன். கண்ணெதிரே அது விழுந்தால் இந்த ஜென்மத்தில் அவர் இன்னொரு வாய் சாப்பிட மாட்டார். நான் எழுந்து நின்றேன்.

எழுந்து நின்றேன் என்பது என் எண்ணம். கால்கள் வரவில்லை. அடியோடு சாய்ந்து வெர்னன் மேல் விழுந்தேன். துப்பாக்கி வெடித்தது. நல்லவேளையாக வீடுகளுக்கு எதிர்த்திசையில் வெடித்து, அவருடைய தண்ணீர்த் தொட்டியைத் துளைத்தது. தண்ணீர் பீய்ச்சியடித்தது. மிரண்ட ஆடுகள் பட்டியை முட்டித் திறந்துகொண்டு ஓடி, எங்கள் பின்கதவு வழியாகக் கொல்லைக்குள் புகுந்தன. சுதா ஆசையாக வளர்த்த கறிவேப்பிலைச் செடி அன்றோடு சரி. கொயோட்டி மட்டும் பதறவே இல்லை. கடைசி வாயை விழுங்கிவிட்டுத்தான் ஓடையை நோக்கி ஓடியது.

வெர்னன் எழுந்து, தொப்பியைத் தட்டி மாட்டிக்கொண்டு, என்னைப் பார்த்தார்.

“எதுக்காக?” என்றார்.

எனக்கு அந்த நேரத்தில் வேறு இங்கிலீஷ் வரவில்லை. (பொய் சொல்வதற்குத்தான் நல்ல இங்கிலீஷ் வேண்டும்.) “சார், அது என் மாமனார்” என்றேன்.

அவர் ஓடைப் பக்கம் பார்த்தார். பிறகு கைகூப்பியபடியே நின்றிருந்த அத்தையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அப்படின்னா என் குட்டிகளைத் தின்னது உன் மாமனாரா?”

மதியம்வரை தெரு முழுவதும் ஆடு பிடித்தோம். நான் பிடித்தேன் என்று சொல்ல முடியாது, கைகளை விரித்துக்கொண்டு நின்றேன். பிறகு வெர்னன் எங்கள் சமையலறையில் உட்கார்ந்து காபி குடித்தார். கையில் தொப்பியை வைத்துக்கொண்டு பேசினார், சுதா அத்தைக்குத் தமிழில் சொன்னாள். நீங்கள் சோறு வைப்பதால் அதற்கு மனிதப் பயம் போய்விட்டது. பயம் போனதால்தான் பட்டிவரை வருகிறது. நீங்கள் சோறு வைக்கிறவரை அது வரும், அது வருகிறவரை நான் சுட வேண்டியிருக்கும். உங்களைக் கேட்டுக்கொள்கிறேன் என்று முடித்தார்.

அத்தை தன் காபி டம்ளரைத் தள்ளிவைத்தார். எத்தனை குட்டி போச்சு என்று மட்டும் கேட்டார். சுதா சொன்னாள். அத்தையின் முகம் சுருங்கிவிட்டது. “அவரு யாவாரத்துல ஒருத்தரையும் ஏமாத்துனதில்ல. செத்ததுக்கப்புறம் இப்படி ஒரு பேரு அவருக்கு வேண்டாங் கண்ணு” என்றார். நான் எழுந்து போய்க் கைகழுவுகிற மாதிரி குழாயடியில் நின்றேன்.

மறுநாள் விடியலில் வெறுங்கையோடு பின்கதவைத் திறந்தார். அது வந்து உட்கார்ந்திருந்தது. “நாளையிலிருந்து இங்க வராதீங்க, ஆபத்து. நான் வேற வழி பாக்கறேன்” என்று சொல்லிவிட்டு, தரையில் ஓங்கிக் காலை உதைத்து விரட்டினார். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். அன்று முழுக்க அவர் ஒன்றும் சாப்பிடவில்லை.

இரண்டொரு நாள் கழித்து வெர்னன் ஒரு இரும்புக் கம்பத்தோடு வந்தார். எந்த மிருகமும் ஏற முடியாத உயரத்தில் மேலே ஒரு பலகை அடித்து, வேலியோரம் நட்டுக் கொடுத்தார். தட்டை ஏற்றி இறக்க ஒரு கயிறும் உருளையும் வேறு. யாரும் அவரைக் கேட்கவில்லை. அந்த வாரமே நீளவால் கறுப்புப் பறவை ஒன்று வந்து பலகையில் உட்கார்ந்து, அத்தையைத் தலைசாய்த்துப் பார்த்துவிட்டுக் கொத்தித் தின்றது. அத்தை இட்லித் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, “இப்பத்தான் அவரு கலருல வந்திருக்காரு” என்றார்.

கொயோட்டியை அதற்கப்புறம் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. வெர்னன் சுட்டாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆட்டுக்குக் காவலாக ஒரு கழுதை வாங்கி விட்டார். (டெக்சஸில் அது வழக்கம்தான், கழுதைக்குக் கொயோட்டியைக் கண்டால் ஆகாது.) உனக்குப் பதிலாக இதை வேலைக்கு எடுத்திருக்கிறேன், இது சரியான நேரத்தில் எழுந்து நிற்கிறது என்று என்னிடம் அறிமுகப்படுத்தினார். ஓடைப் பக்கம் ஊளைச் சத்தம் கேட்டால் வேலியோரம் வந்து, உன் மாமனார் சாப்பிடக் கூப்பிடுகிறார் என்பார்.

அத்தை இப்போது கோபியில் இருக்கிறார். இத்தனை வருடத்தில் நானும் பாகற்காயை ஓரமாக ஒதுக்கிவைக்கிற ஆளாகிவிட்டேன். போன வாரம் சுதா அதைப் பார்த்துவிட்டு, போனில் இருந்த அம்மாவிடம், “இவரு போனதுக்கப்புறம் நான் தட்டுல பாவக்காய் மட்டுந்தான் வைக்கப்போறேன், எந்த உருவத்துல வந்து எப்படி ஒதுக்குறாருன்னு பாக்கறேன்” என்றாள். ஸ்பீக்கரில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு அத்தை பேசினார்.

“வெய்யி கண்ணு. ஆனா கம்பத்து மேல வெய்யி. கீழ வெச்சா மாப்பிள்ளையைச் சுட்டுப்போடுவாங்க.”