டபுள் அண்ணனும் இரண்டு பச்சை விளக்குகளும்

ஈப்போவிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி யார் என்று தேர்தல் வைத்தால், எங்கள் டபுள் அண்ணனுக்கு நான் கள்ள ஓட்டும் சேர்த்துப் போடுவேன். இரண்டு போன், இரண்டு குடை, மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு பூட்டு. அண்ணி மட்டும் ஒருவர்தான்.

"எல்லாம் ரெண்டு, அண்ணி மட்டும் ஏண்ணே ஒண்ணு?" என்று கேலி செய்தால் சிரிக்க மாட்டார்.

"அவளுக்கு ஸ்பேர் இல்லலா. அதான் பயமா இருக்கு."

நாங்கள் ஒரு தனியார் மருத்துவமனையின் கணினிப் பிரிவில் வேலை பார்த்தோம். அங்கே அண்ணனின் குலதெய்வம் நெட்வர்க் சுவிட்ச். இதய வார்டு மானிட்டர்களிலிருந்து தாதிகளின் மேசைக்குத் தகவல் அதன் வழியாகத்தான் போகும். அது நின்றால், யாருக்குத் துடிப்பு தப்பினாலும் மேசையில் மணி அடிக்காது. அதனால் அதன் முதுகில் ஆளுக்கொரு பச்சை விளக்கோடு இரண்டு பவர் சப்ளை. பாரத்தைப் பாதிப் பாதியாகச் சுமக்கும். ஒன்று செத்தால் மற்றது முழுதாகத் தாங்கிக்கொள்ளும்.

"ஆனா ரெண்டு வயரும் வேற வேற எடத்துல கரண்டு குடிக்கணும் தம்பி. ஒண்ணு யூபிஎஸ், ஒண்ணு செவுத்துப் பிளக்கு. ஒரே கெணத்துல ரெண்டு வாளி விட்டா, கெணறு வத்துனதும் ரெண்டும் காலிலா."

ஓர் ஆண்டு ஆயுத பூஜையன்று அண்ணி நெஞ்சுவலியோடு அதே வார்டில் படுத்திருந்தார். அண்ணன் கட்டிலருகே இருந்த நேரத்தில், பராமரிப்புப் பிரிவு செல்வம் சுவிட்சுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, வண்ண விளக்கும் கட்டிவிட்டுப் போனார். மதியம் இடி இடிக்கத் தொடங்கியதும் அண்ணன் ஓடி வந்தார்.

"ரெண்டும் பச்சையாத்தான் எரியுது, பாருங்கண்ணே" என்றேன்.

அவர் நம்பவில்லை. வயரைத் தடவிக்கொண்டே போனார். வண்ண விளக்குக்குச் சுவர்ப் பிளக் வேண்டுமென்று செல்வம் இரண்டு வயரையும் யூபிஎஸ்ஸிலேயே செருகியிருந்தார். அதுவோ கோளாறாகி விட்டு விட்டு முனகிக்கொண்டிருந்தது.

அண்ணன் வண்ண விளக்கைப் பிடுங்கினார். பிறகு சுவிட்சின் ஒரு வயரை உருவினார். ஒரு பச்சை அணைந்தது. இப்போது அண்ணி ஒற்றை வயரில் இருந்தார். அதன் பிளக் சுவர்த் துளைக்குள் போகவே இல்லை.

"பயமா இருக்கு தம்பி. புடிச்சுக்க."

பிடித்தேன். பிளக் இன்னும் தள்ளிப் போய்ச் சுவரில் முட்டியது. எப்படியோ பிளக் உள்ளே போனது, பச்சை திரும்பி வந்தது.

அடுத்த இடிக்கு யூபிஎஸ் நீளமாகக் கத்திவிட்டு அடங்கியது. ஒரு பச்சை அணைய, இன்னொன்று எரிந்துகொண்டே இருந்தது. வார்டுக்கு ஓடினோம். தாதி மேசைத் திரையில் அண்ணியின் துடிப்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"நல்ல மழையா இருக்கே, கொடை எடுத்தாந்தீங்களா?" என்று கேட்டார் அண்ணி.

"ரெண்டு இருக்குலா" என்றவர் குலுங்கி அழுதார்.

இப்போது இருவரும் கடலோர ஊரான லூமுட்டில் இருக்கிறார்கள். அண்ணனின் இரண்டு எண்களும் என்னிடம் உண்டு. ஒன்றை எடுக்காவிட்டால் மற்றதை அழைப்பேன். இரண்டும் அடித்து ஓயும் நாட்களில் எனக்கு எதுவும் ஓடாது. டபுள் அண்ணனுக்கும் ஸ்பேர் கிடையாது.