ஏழாவது செல்லில் குடியிருந்த ஆவி

தவளக்குப்பம் சந்திப்பில் செவ்வாய்க்கிழமை என்றால் பேருந்துகூட ஒதுங்கித்தான் போகும். பழைய பைக்கில் என்ஜினைக் கழற்றி எறிந்துவிட்டு மோட்டாரும் பேட்டரியும் பொருத்திக்கொண்டவர்கள் அத்தனை பேரும் அங்கே வரிசையில் நிற்பார்கள். எல்லாருக்கும் ஒரே நோய்: போகிற வழியில் வண்டி பொட்டென்று நின்றுவிடுகிறது. எல்லாருக்கும் ஒரே வைத்தியர்: பேட்டரிச் சித்தர் கொளஞ்சி சுவாமிகள்.

சுவாமிகள் பேட்டரிப் பெட்டியின் மேல் கை வைப்பார். கண்ணை மூடுவார். எந்த செல்லில் எந்த ஆவி என்று சொல்வார். பிறகு பெட்டி திரைக்குப் பின்னால் போகும். அரை மணி நேரம் மணி அடிக்கும், சாம்பிராணி புகையும். பெட்டி திரும்பி வந்தால் வண்டி நிற்காமல் ஓடும். ஆவிகளுக்கு லித்தியத்தின் மேல் எப்போதிருந்து ஆசை வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் வரிசையில் இடம் போய்விடுமே!

வீராம்பட்டினத்து மீன் வியாபாரி செல்வகுமாரும் போய் வந்தான். மறுநாள் மனைவி சங்கவியிடம் பூரித்துப் போய்ச் சொன்னான்.

"மார்க்கெட்டுக்கு ரெண்டு நட போய்ட்டு வந்துட்டேன். ஒரு எடத்துலயும் நிக்கல! ஏழாவது செல்லுல இருந்த ஆவிய எறக்கிட்டாரு."

"ஆவிக்கு வேற வீடே கெடைக்கலியா?" என்றாள் சங்கவி.

சேதராப்பட்டில் பேட்டரி கட்டும் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள் அவள். 'பெட்டியக் குடுங்க, நான் பாக்கறேன்' என்று மூன்று தடவை சொல்லியிருந்தாள். ஆனால் பெண்டாட்டி தாடி வைத்திருக்கவில்லையே, எப்படி நம்புவது?

பெட்டியைத் தொட்டாள். சுட்டது. திறந்தாள். பதினாறு செல்களில் ஒன்று வயிறு உப்பிக் கிடந்தது. செல்களைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, தடித்த கறுப்பு ஒயர் ஒன்று புதிதாகப் பற்றவைக்கப்பட்டிருந்தது.

"காலையில பாப்பாவ இது மேலதான ஒக்கார வெச்சிக்கினு போனீங்க?"

அவள் விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள், செல்வகுமார் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் வாசல் மணலில் வைத்துவிட்டான்.

அடுத்த செவ்வாய், சங்கவி லீவு போட்டுவிட்டு ஒரு பேட்டரிப் பெட்டியோடு வரிசையில் நின்றாள். அதைத் தூக்கிக்கொண்டு செல்வகுமார் பின்னால் நின்றான். சுவாமிகள் பெட்டியின் மேல் கை வைத்தார். மூக்கை உறிஞ்சினார். முகம் மாறியது.

"ஆகா! செத்த வாடை வருதே! கடல்ல செத்த ஆத்மா. ஏழாவது செல்லுல சம்மணம் போட்டு ஒக்காந்திருக்கு!"

கூட்டம் மெய்சிலிர்த்தது.

"கடல்ல செத்ததுதான் சாமி, சரியா சொன்னீங்க" என்று சொல்லி, சங்கவி எல்லார் எதிரிலும் மூடியைத் திறந்தாள்.

உள்ளே ஐந்து கிலோ வாளைக் கருவாடு. செல் என்று ஒன்றுகூட இல்லை.

சிரிப்பு அடங்குவதற்குள் சுவாமிகள் கத்தினார்: "பாத்தீங்களா! ஆவி பேட்டரியையே கருவாடா மாத்திடுச்சு!"

இரண்டு பேர் உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சங்கவி விடவில்லை. பூஜை முடிந்த வண்டியோடு நன்றி சொல்ல வந்திருந்த இராமதாஸிடம் போனாள்.

"அண்ணே, ஒங்க பெட்டியத் தொறக்கட்டுமா?"

"சாமி தொறக்கக் கூடாதுன்னாரேம்மா."

"தொட்டாவது பாருங்க."

தொட்டார். கையை உதறினார். மறுபேச்சில்லாமல் தாமே திறந்தார். உள்ளே அதே கறுப்பு ஒயர். செல்வகுமார் போய்த் திரையை இழுத்தான். சாம்பிராணிக்குப் பக்கத்தில் ஒயர் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் புகைந்துகொண்டிருந்தது. ஆணியில் கறுப்பு ஒயர்ச் சுருள் தொங்கியது.

"பதினாறு பேரு வல இழுக்கறாங்கன்னு வெச்சுக்கோங்க" என்றாள் சங்கவி. "ஒருத்தன் மயங்கறான். நிறுத்துங்கடான்னு மேல இருந்து ஒருத்தன் கத்தறான். அவன்தான் இந்தப் பலகை. அதனாலதான் வண்டி நின்னுது. இவரு இந்த ஒயரப் போட்டு, கத்தறவன் வாயில துணிய அடைச்சிட்டாரு. மயங்குனவன இழுத்துக்கினே போனா செத்துடுவான். பேட்டரியா இருந்தா தீப்பிடிக்கும்."

"அப்ப இன்னாதாம்மா பண்றது?" என்றார் இராமதாஸ்.

"ஒவ்வொரு செல்லையும் மீட்டர் வெச்சு அளக்கணும். கொறஞ்சதுக்குத் தனியா சார்ஜ் ஏத்தி எல்லாத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டாரணும். தேறாதத மாத்தணும். அதுவரிக்கும் யாரும் ஓட்டாதீங்க."

"மந்திரம்?"

"எனக்குத் தெரிஞ்சு அதுக்கு வோல்ட்டேஜ் கெடையாதுண்ணே."

அன்று பதினொரு பெட்டிகளிலிருந்து ஒயர் வெட்டப்பட்டது. யாரோ போன் போட்டு வரவழைத்த போலீஸ் ஜீப்பில் சுவாமிகள் ஏறும்போது, ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"சார், சார்! சாமி போறதுக்குள்ள என் வண்டி மேல ஒரு கை வெச்சிட்டுப் போவட்டும்! திடீர்னு நின்னுபோச்சு!"

அது பெட்ரோல் ஸ்கூட்டர். டேங்கில் சொட்டுக்கூட இல்லை. பெட்ரோல் பங்க் எதிரிலேயே இருந்தது.

யோசிப்பதற்குத் தட்சிணை கிடையாது. வரிசையில் நிற்கவும் வேண்டாம். அதனால்தானோ என்னவோ, அந்தப் பக்கம் இன்னும் கூட்டமே சேரவில்லை!